சோதனைக் குழாயும் தானியக் கிடங்கும்

மரபணு மாற்றுப் பயிர்களின் உணவுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை என்றால், "எலிகளுக்குக் கத்தரிக்காய் போடுவீர்களா?" என்றுதான் கேட்பார்கள். 90 நாள் எலிச் சோதனை உண்டுதான். அது வேறு பிரிவு. என் பொழுதெல்லாம் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியோடு போனது.

செடிக்குள் புகுத்திய மரபணு புதிதாக ஒரு புரதத்தை உண்டாக்கும். அதை அமிலமும் பெப்சினும் கலந்த செயற்கை இரைப்பை நீரில், 37 டிகிரி சூட்டில் போட்டு, நொடிக் கணக்கில் தொடங்கி ஒரு மணி நேரம்வரை மாதிரி எடுத்து, புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டுவோம். அந்தப் புரதத்தின் பட்டை சட்டென்று மறைந்தால், அதாவது செரித்துவிட்டால், நல்லது. மறையாமல் நின்றால் ஒவ்வாமை பற்றிய சந்தேகம் வரும். சந்தேகம் மட்டும்தான், செரிக்காத புரதமெல்லாம் ஒவ்வாமை தருவதில்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்று மக்காச்சோளத்தின் கதை. அதிலிருந்த, பூச்சியைக் கொல்லும் க்ரை9சி புரதம் சூட்டைத் தாங்கியது, பெப்சினுக்கும் எளிதில் மசியவில்லை. அதனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கும் ஆலைப் பயன்பாட்டுக்கும் மட்டும் அனுமதித்தது. காகிதத்தில் அருமையான முடிவு. 2000 செப்டம்பரில் கடைகளில் விற்ற டாக்கோ என்ற மக்காச்சோளத் தின்பண்டத்தில் அதே சோளத்தின் தடயம் அகப்பட்டது. மகரந்தம் வரப்பைப் பார்த்தா பறக்கும்? கிடங்கில் கொட்டிய சோளத்தை யார் பிரிப்பது? உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதத்தின்மேல் பழிபோடச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் தின்பண்டங்கள் அலமாரிகளிலிருந்து இறங்கின. தீவனத்துக்கு மட்டும் என்ற அரை அனுமதியையும் முகமை கைவிட்டது.

ஆய்வகம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. சறுக்கியது அனுமதிக் கடிதத்தின் நிபந்தனை.

நம் ஊரில், பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பிடி (Bt) கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். விதை யாருக்குச் சொந்தம், நாட்டு ரகங்கள் என்னவாகும் என்ற கேள்விகளும் அப்போது எழுந்தன. உணவுப் பாதுகாப்புக் கோப்பில் அவற்றுக்குப் பக்கமே கிடையாது. அறிவியலை அரசியல் மிதித்துவிட்டது என்று எங்கள் துறையில் பலர் கொதித்தார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கோயம்பேட்டில் இறங்கும் கத்தரிக்காய் மூட்டையில் எது பிடி, எது நாட்டு ரகம் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்?

இப்போதெல்லாம் வரைவு அறிக்கை மேசைக்கு வந்தால் ஜெல் படத்தைப் பிறகுதான் பார்க்கிறேன். முதலில் நிபந்தனைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால், "எங்கே, யார் சரிபார்ப்பது?"