லோகோவுக்குத் தனிக் கோப்புறை

எங்கள் மென்பொருளை, யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட அன்று, கோப்புறையில் கிடந்த அத்தனைக்கும் சேர்த்தே அந்த உரிமத்தைப் போட்டோம். லோகோவும் அதற்குள்தான் இருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை.

சில மாதங்களில் ஒரு பிழை அறிக்கை வந்தது: கோப்பைச் சேமித்தால் பாதி எழுத்துகள் காணாமல் போகின்றன. இரண்டு நாள் தேடியும் எங்கள் நிரலில் அதற்கான காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் திரைப்பிடிப்பு கேட்டு வாங்கினேன். மேலே எங்கள் பெயர், எங்கள் லோகோ. மெனுவில் மட்டும் நாங்கள் எழுதாத இரண்டு வரிகள். யாரோ மாற்றி வெளியிட்ட பதிப்பு அது. மாற்றுவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்குத்தானே கட்டற்ற உரிமம்! ஆனால் எழுத்தைத் தொலைத்தவர் எங்கள் பெயரை நம்பி வந்தவர். அது மனதில் தைத்தது.

லோகோப் படத்தை யாரும் தொடக்கூடாது என்று பூட்டிவிடலாம் என்றார்கள் குழுவில். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியின் கதை தெரிந்ததுதான். அதன் லோகோவின் பதிப்புரிமை கட்டற்றதாக இல்லை என்று, கட்டற்ற இயங்குதளமான டெபியன் லோகோவை நீக்கியது; லோகோ இல்லாமல் பெயரையும் பயன்படுத்தக்கூடாது என்று 2006-இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா சொல்ல, டெபியனில் அது ஐஸ்வீசல் ஆனது. பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று.

ஒரே படத்தின் மேல் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. படத்தை நகலெடுக்கலாமா, மாற்றலாமா என்பது பதிப்புரிமை. அதை ஒட்டி யார் பெயரில் பொருளைக் கொடுக்கிறோம் என்பது வணிக முத்திரை. முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். டெபியனின் சுழி லோகோவே அப்படித்தான். முத்திரை உரிமையைத் தர மறுக்க ஜிபிஎல் 3-இன் 7-ஆம் பிரிவும் இடம் தருகிறது. மாற்றினால் பெயரையும் மாற்று என்று கேட்பதை டெபியனின் நெறிமுறைகளும் ஏற்கின்றன.

சரி, படத்தைத் திறந்துவிட்டு, நிரலை மாற்றினால் பெயரையும் லோகோவையும் மாற்றச் சொல்லும் கொள்கை எழுதியாயிற்று. அப்புறம்தான் உண்மையான வேலை. பெயரை மாற்று என்று சொல்லிவிட்டு, லோகோவை இருபது இடத்தில் ஒளித்து வைத்தால் அது நியாயமில்லை. நிறுவியில், 'பற்றி' சாளரத்தில், தோற்றத்தை வரையறுக்கும் ஒரு நடைதாள் கோப்புக்குள் எழுத்துச் சரமாக என்று எங்கெங்கோ இருந்தவற்றைத் தேடியெடுத்து ஒரே கோப்புறைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்திலேயே பொதுவான ஒரு மாற்றுப் படத்தையும் வைத்தேன். ஒரு அமைப்பை மாற்றினால் பெயரும் படமும் சேர்ந்து மாறிவிடும்.

அந்த மாற்றுப் பதிப்பின் குழுவுக்கு எழுதினேன். அடுத்த வெளியீட்டில் அவர்களுக்கென்று ஒரு பெயர், ஒரு நீலப் பறவை. 'பற்றி' சாளரத்தில் எதை அடிப்படையாகக் கொண்டது என்று எங்கள் பெயரையும் சொல்லியிருந்தார்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று பதில் போட்டேன்.