உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா?

டெக்சாஸில் குழந்தையை முதல் முறை டாக்டரிடம் கூட்டிப் போனால், உள்ளே அழைப்பதற்கு முன் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். காரில் குழந்தை இருக்கையைப் பின்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறீர்களா, வீட்டில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று போய்க்கொண்டே இருக்கும். பல இடங்களில் நடுவே இந்தக் கேள்வியும் வரும்: வீட்டில் துப்பாக்கி உண்டா? உண்டென்றால் பூட்டில் இருக்கிறதா? ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகாத தாய் தகப்பனுக்குப் பேனா அங்கே நின்றுவிடும். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தடுப்பூசி எதுவரை போட்டாச்சு என்று கேட்கிற டாக்டரைத்தான் நமக்குத் தெரியும். நம்மைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை அது. எல்லோரிடமும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஃபுளோரிடாவில் 2011இல் டாக்டர்கள் இதைக் கேட்பதற்கே தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

நமக்குத் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தோளில் தொங்குகிற ரெட்டைக்குழல். இல்லையென்றால் தீபாவளிக்கு ரோல் கேப் சுற்றி டப் டப் என்று சுடுகிற தகரத் துப்பாக்கி. அந்த மருந்து வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். தேர்தல் அறிவித்தால் அவரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவர வேண்டும். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. மனு, போலீஸ் விசாரணை, எதற்கு வேண்டும் என்ற காரணம், எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெக்சாஸில் கடைக்காரர் ஏன் வேண்டும் என்று கேட்க மாட்டார். நீங்கள் யார் என்றுதான் கேட்பார். நம்மவர்கள் இடறுவது அந்த இடத்தில்தான்.

வேலைக்கு வருகிற எச்-1பி, அவர் குடும்பத்துக்கு எச்-4, மாணவர் எஃப்-1, அம்மா அப்பா வருகிற பி-2, எல்லாமே சட்டத்தின் கண்ணில் குடியேறாத வகை விசா. இந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோகூட வைத்திருக்கக் கூடாது என்று 1998 முதல் ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், இருக்கிறது. டெக்சாஸில் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் துப்பாக்கி வைத்து நடக்கலாம் என்று 2021 செப்டம்பரில் மாநிலச் சட்டம் வந்ததே, அது நமக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்கு மட்டும் அது. ஃபெடரல் தடைக்கு விதிவிலக்குகள் சில உண்டு. அதில் நம் ஆட்களுக்கு எட்டுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் காலாவதியான மறுநாளே அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

'வைத்திருப்பது' என்ற சொல்லின் அகலம்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஆபீஸில் டீமாகச் சேர்ந்து சுடுதளத்துக்குப் போகிறார்கள். ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எச்-1பியில் இருக்கும் பையனும் வரிசையில் நிற்கிறான். அந்த ஒரு மணி நேரமும் சட்டப்படி 'வைத்திருப்பது'தான். உச்ச நீதிமன்றம்வரை போன ரெஹாஃப் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்தவர், பல்கலைக்கழகத்தில் பெயர் நீக்கப்பட்ட பிறகும் தங்கியிருந்து, ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டார். வழக்கு வந்தது. தான் தடைசெய்யப்பட்ட வகையில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பாயிற்று. அது வக்கீல் வாதாட வேண்டிய சங்கதி, நாம் நம்பி வரிசையில் நிற்க வேண்டிய சங்கதி இல்லை. 2022 முதல் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 வருடம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்த இடமுண்டு. டீமோடு போங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், கையில் வாங்காதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, நண்பர் வீட்டில் பிஸ்டலைக் கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் இதே கணக்குதான். அவருக்குப் பெருமை, பார்க்கிறவருக்கு அது ஆதாரம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். லைசென்ஸ் பெற்ற கடையில் 4473 என்ற படிவம். கைத்துப்பாக்கிக்கு 21 வயது, நீளத் துப்பாக்கிக்கு 18. குடியுரிமைக் கேள்வியில் அமெரிக்கர் என்ற பெட்டியில் அவசரத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிட்டால், பின்னால் சிட்டிசன்ஷிப் நேரத்தில் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். கார்டில் உள்ள ஏலியன் எண்ணை எழுத வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐயின் உடனடிப் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வரும். 'தாமதம்' என்று வந்தால் மூன்று வேலை நாள் காத்திருப்பு, 21 வயதுக்குக் கீழே என்றால் அது இன்னும் நீளலாம். இது ஃபெடரல் அளவு. மாநிலத்துக்கு மாநிலம் மேலே ஏறும்: கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், இல்லினாயில் தோட்டா வாங்கவே அடையாள அட்டை, நியூ ஜெர்சியில் அட்டையும் வேண்டும், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதியும் வேண்டும். டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வேலை மாறிப் போகிறவர் சாமான் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று. திருடன் வந்தால்? டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தின் 9ஆம் அத்தியாயம், ஆள் இருக்கும் வீட்டுக்குள் சட்டவிரோதமாக, பலாத்காரமாக நுழைகிறவர்மீது உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தினால், அது அவசியம் என்று வீட்டுக்காரர் நம்பியது நியாயம் என்றே எடுத்துக்கொள்கிறது. 2007 முதல் பின்வாங்க வேண்டிய கடமையும் இல்லை. சண்டையை நாமே கிளப்பியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர் இதில் வரவே மாட்டார்.

எவ்வளவு வருடம் ஆனாலும் மனசு ஆறாதது இந்தக் கதவு விஷயத்தில்தான். மற்றதெல்லாம் பழகிவிட்டது என்கிறோம். உண்மையாகவே பழகித்தான் இருக்கிறது. ஆனால் சித்தி வீட்டுக்குப் போனால் நாம் எந்தக் காலத்தில் மணி அடித்தோம்? முன்கதவு சாத்தியிருந்தால் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியில் நின்று "சித்தீ" என்று ஒரு குரல். அடுக்களையிலிருந்து, "வாடா, செருப்பை அங்கேயே விடு" என்று பதில். அந்தச் சந்து வழியும் அந்தக் குரலும் இங்கே உயிருக்கு ஆபத்து.

1992 அக்டோபரில் லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்தில், ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு தவறி வேறொரு வாசலுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்பது அதன் பொருள். பையன் நிற்கவில்லை, முன்னால் வந்தான். சுடப்பட்டு இறந்தான். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். பிறகு சிவில் வழக்கில் சுமார் 6,50,000 டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவாயிற்று. ஃப்ரீஸ் என்ற சொல் நமக்கும் ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சொல்தானே. 2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் தவறான வீட்டு மணியை அழுத்திச் சுடப்பட்டான். அவன் உயிர் பிழைத்தான்.

டல்லாஸை அடுத்த ஃபிரிஸ்கோ பக்கம் புதுக் குடியிருப்புகளில் வீடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். கொலுவுக்கு அழைத்தவர் வீட்டுக்கு இருட்டில் போகிறவர்கள் நடைபாதை ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் கதவருகே உள்ள எண்ணையும் இரண்டையும் பார்க்க வேண்டும். மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்வாங்கி விளக்கு வெளிச்சத்தில் நில்லுங்கள். கைப்பிடியைத் திருகிப் பார்க்காதீர்கள். பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள், பக்கவாட்டு வேலிக் கதவைத் திறக்காதீர்கள். யாராவது கத்தினால் என்ன சொல்கிறார் என்று யோசிக்க வேண்டாம். அப்படியே நின்று, விரித்த கையைக் காட்டுங்கள். காலை நடைக்குப் போகிற அம்மாவுக்கும் சொல்லிவைக்க வேண்டும்: "அம்மா, சாமிக்குப் பூ நம்ம வீட்டுச் செடியிலேயே பறிச்சுக்கலாம்மா, அடுத்த வீட்டு வாசலுக்குள்ள காலை வைக்காதீங்க." கூடைப் பூவைப் பக்கத்து வீட்டில் பறித்து, பாதியை அந்த வீட்டுக்கே கொடுத்துப் பழகியவருக்கு அது எப்படிப் புரியும்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் சுவரும் நம் ஊர்ச் சுவர் இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஆணி அடிக்கவே படாதபாடு படுவோம். இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கித் தோட்டா அப்படிப்பட்ட சுவர்கள் சிலவற்றை நேராகத் துளைத்துக்கொண்டு போகும். படுக்கையறை வாசலிலிருந்து கூடத்தை நோக்கிச் சுட்டால் அந்த நேர்கோட்டில் குழந்தை கட்டில் இருக்கிறதா என்று பகலிலேயே நின்று பார்த்துவிட வேண்டும். இதைப் பார்த்த பிறகு துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதுவும் நல்ல முடிவுதான்.

வைத்திருப்பவர்கள் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனிப் பெட்டியில் பூட்ட வேண்டும் என்பது குழந்தை டாக்டர்கள் சொல்வது. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைத்தால் குற்றம். கேபிள் பூட்டு பல போலீஸ் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். மாட்டும் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசீனை வெளியே எடுக்க வேண்டும், பிறகு துப்பாக்கியின் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் தோட்டா உறை வெளியேறும் வாய் வழியாகக் கேபிளை நுழைத்து மேகசீன் குழி வழியாகக் கீழே எடுத்துப் பூட்டுவது. இந்த வரிசை மாறுவதில்தான் உயிர் போகிறது. மேகசீனை எடுத்ததும் காலி என்று நினைப்பார்கள், அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசீனை எடுத்தாலும் அதே கதை, இழுத்து விடும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருக்கும். விரல்ரேகைப் பெட்டி வாங்குவோர் பேட்டரி தீர்வதையும், ஈரக்கையை அது ஏற்காததையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்கும், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கும் பெட்டியைத் திறக்கும் எண் தெரியக் கூடாது. எண்ணும் சாவியும் இருந்தால் அவர்களும் 'வைத்திருப்பவர்' என்று வாதிட இடம் வரும்.

இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வேலை செய்ய அனுமதி இல்லாமல், பேச ஆளில்லாமல், நாலு சுவருக்குள் பகல் முழுக்க இருக்கிற எச்-4 பெண்களின் முதல் குளிர்காலத்தை நினைத்தால், வீட்டில் யார் மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பொருளை உள்ளே கொண்டுவர வேண்டும். மனம் தளர்ந்தவர்களுக்கு உதவும் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

நம் வீடுகளுக்குத் திருடன் வருவது பெரும்பாலும் நகைக்கு, அதுவும் ஆள் இல்லாத நேரம் பார்த்து. பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் துப்பாக்கி அப்போது எதற்கு ஆகும்? நகையை வங்கி லாக்கருக்குக் கொண்டுபோங்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் நகைத் திருட்டுக்கு வரம்பு பல பாலிசிகளில் 1,500 டாலர்தான். தாலிக்கொடி ஒன்றுக்கே காணாது. மதிப்புச் சான்றிதழ் வாங்கித் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவர். பூட்டின் நாக்கு போய் நுழையும் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் பெரும்பாலும் முக்கால் அங்குலம்தான், மெல்லிய சட்டத்தோடு நின்றுவிடும், ஓங்கி ஓர் உதை விட்டால் சட்டம் பிளந்துவிடும். அவற்றைக் கழற்றி மூன்று அங்குலத் திருகு போட்டால் உள்ளே இருக்கும் கட்டையில் போய் இறங்கும். கீல்களிலும் ஒவ்வொன்று அப்படிப் போடுங்கள். பின்பக்கக் கண்ணாடி நகர்கதவின் தடத்தில், அளவாக அறுத்த விளக்குமாற்றுக் கம்பை வைத்துவிட்டால் வெளியிலிருந்து நகராது.

இத்தனை திருகும் போட்ட பிறகு, விளக்கு வைக்கும் நேரம் வரும். அந்நேரம் கொல்லைக் கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும், மகாலட்சுமி வருகிற நேரம் என்று பாட்டி சொன்னது கேட்கும். அதற்கும் இங்கே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மரக்கதவுக்கு வெளியே பூட்டு வைத்த கண்ணாடிப் புயல் கதவு ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அந்திக்குக் கண்ணாடியைப் பூட்டிவிட்டு, மரக்கதவை மட்டும் கால் மணி நேரம் திறந்து வைக்கிறார்கள். உள்ளே எரிகிற விளக்கு தெருவரைக்கும் தெரிகிறது.