காற்றுச் சக்கரம் ஒருவழியாகச் சுழன்றது: கழனிநாடு, கடல் கட்டம்

கற்பனைப் பேரரசுகளை வைத்து நான் உருவாக்கிக்கொண்டிருக்கும் பலகை ஆட்டத்தைப் போன ஞாயிறு காரைக்குடி வீட்டு வளவில் விரித்து ஆடினோம். கழனிநாடு என்ற அரசை ஆடிய சித்தப்பா மகன், கடலுக்குக் கிழக்கே இருக்கும் மாநீரம் என்ற அரசின் தலைமைத் துறைமுகத்தைப் பிடித்தான். பிடித்த கையோடு காற்று வாடைக்கு (வடகிழக்குக் காற்று) திரும்பிவிட்டது. அடுத்த கச்சான் (தென்மேற்குக் காற்று) வரும்வரை இங்கிருந்து ஒரு மூட்டை அரிசிகூட அவன் படைக்குப் போகாது. கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், கப்பம் பேசி முடித்து, கொள்ளையை ஏற்றிக்கொண்டு அதே வாடையில் ஊர் திரும்பினான். நான் எந்த விதியையும் எடுத்துச் சொல்லவில்லை. பலகையே அவனை அந்த முடிவுக்குக் கொண்டுபோனது. இத்தனை மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கற்பனைப் பேரரசுக்குச் சரித்திரத்தை மாதிரியாக எடுப்பவர்களில் பலர் கொடியையும் கோபுரத்தையும் பட்டப்பெயரையும் எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். ரோமாபுரிக்கு வேறு பெயர் வைத்தால் அது புது நாடாகிவிடாது. அந்த அரசை எது நெருக்கியது, எது வரை போய் எங்கே நின்றது என்பதை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சோழரை எடுத்தால் புலிக்கொடியைவிட எனக்கு முக்கியம் இதுதான்: நாகப்பட்டினத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுக்கிறான். அவன் மகன் 1025-ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பல் படை அனுப்பி, அதன் வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தைக் கைப்பற்றியதாக மெய்க்கீர்த்தியில் பாடவைக்கிறான். 1090-ல் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) மன்னனின் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்கன் அதே விகாரத்தின் கொடையை உறுதிப்படுத்துகிறான். நட்பு, போர், மறுபடி நட்பு. கடாரம் கொண்டவர்கள் அங்கே நிலையாக உட்காரவில்லை. ஆனால் 1088-ல் சுமத்ராவின் லோபு துவாவில் தமிழில் கல்வெட்டு வைத்துக்கொண்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் இருக்கிறார்கள். படை போய் வந்த கடலில் வணிகன் தங்கியிருக்கிறான். என் ஆட்டம் முழுக்க இந்த ஒரு செய்திக்குள் இருக்கிறது.

சரி, பலகையில் காற்றின் பருவத்தைக் காட்டும் சக்கரம். நான்கு துண்டு: கச்சான், புயல்மாதம், வாடை, இடைக்காலம். கச்சானில் கிழக்கே நாலு கட்டம் போகலாம், மேற்கே நகர முடியாது. வாடையில் அப்படியே தலைகீழ். இந்த இரண்டிலும் எனக்குச் சிக்கலே வரவில்லை. உயிரை வாங்கியது இடைக்காலம். எல்லாத் திசையிலும் ஒரு கட்டம் என்று வைத்தால், ஆட்கள் நக்கவாரம் (நிக்கோபார்) மாதிரி நடுவில் இருக்கும் தீவுகளில் தொற்றித் தொற்றிக் கடலையே கடந்துவிடுகிறார்கள்; காற்றுக்கு மரியாதையே இல்லை. நகரவே கூடாது என்றால் ஒரு சுற்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் கரையை ஒட்டிய துறைமுகத்திலிருந்து பக்கத்துத் துறைமுகத்துக்கு மட்டும் என்று கட்டினேன். பழைய கப்பல்காரர்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்த துறைமுகங்களுக்கு அப்போதுதான் ஆட்டத்தில் ஒரு பெறுமானம் வந்தது. சீனத் துறவி யீஜிங் கடாரத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது பன்னிரண்டாம் மாதத்தில். வாடைக்காலம் அது.

இன்னொன்று, காற்று திரும்பும் நாள் தெரிந்துவிட்டால் கணக்குப் போட்டே ஜெயித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பகடை: ஒன்று விழுந்தால் காற்று முன்கூட்டியே திரும்பும், ஆறு விழுந்தால் ஒரு சுற்று தாமதம். சக்கரத்தின் அச்சுக்குத் தையல்காரர் வைக்கும் பிரஸ் பட்டன்தான் சரிப்பட்டது. கீழ்ப் பாதியைப் பலகையில் தைத்து, மேல் பாதியை வட்ட அட்டையின் நடுவில் தைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்து, விரலால் தள்ளினால் மட்டும் சுற்றுகிறது. முன்பு போட்ட குண்டூசியும் ரிவெட்டும் ஒன்று இறுகும், இல்லை ஆடும்.

ஆட்டத்தில் படையே இல்லாத எட்டுத்துறையார் என்ற வணிகர் கூட்டத்துக்கு ஊர்ச் சரக்கையே எடுத்தேன். பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு இருக்கிறது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு மகமை (வணிகர் தாமே விதித்துக்கொள்ளும் கொடை) என்று கோயிலுக்கு எழுதிவைத்தது. என் சரக்குச் சீட்டுகளுக்கு அதுதான் ஆதாரம். பண ஓட்டத்துக்கு நம் செட்டிமார் பர்மாவில் நடத்திய முறை: முதலாளி ஊரில் இருப்பார், மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஒரு துறைமுகத்தில் பணம் கட்டி உண்டியல் சீட்டு வாங்கினால் இன்னொரு துறைமுகத்தில் மாற்றிக்கொள்ளலாம். பொன் கடலில் மூழ்காது. அன்றைக்கு மாநீரத்தில் மாட்டிக்கொண்ட படைக்கு அங்கேயே அரிசி விற்றது எட்டுத்துறையார்தான், கடனுக்கு. அந்தக் கடனை அடைக்கத்தான் தம்பி கொள்ளையில் பாதியைக் கழனிநாட்டில் இறக்கியதும் கொடுக்க வேண்டிவந்தது. எனக்கு அதுதான் அன்றைய ஆட்டத்தின் உச்சம்.

நகரத்தார் செட்டிமாரைப் பிரிவு பிரிவாக வைக்கும் ஒன்பது நகரக் கோயில் மாதிரி எட்டுத்துறையார் கூட்டத்துக்குள் ஒன்பது வீடு வைத்திருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் சம்பந்தம் கிடையாது, வெளியேதான் கூட்டணி. இது இன்னும் சோதிக்கவில்லை.

சாமான் விஷயம்: முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் துழாவினால் சோழியும் சின்னப் பித்தளைப் படிக்கல்லும் கிடைக்கும். படிக்கல் பொன்னுக்கு, சோழி கப்பலுக்கு. பேரம் பேசாமல் வாங்காதீர்கள். வரைபடத்தை பிளெக்ஸில் அடித்துக் கொடுத்த கடை கடலையும் நிலத்தையும் ஒரே பச்சையாக்கிவிட்டது. காசையும் திருப்பித் தரவில்லை. அடுத்தது துணியில்தான்.

கடல் கட்டத்தில் புயல்மாத விதி இன்னும் அரைகுறையாகத்தான் கிடக்கிறது. ஆனால் மனசு அதற்குள் ஆட்டத்தின் அடுத்த பகுதியான தெற்கு நிலத்துக்குப் போய்விட்டது. அங்கே விஜயநகரத்து அமரநாயக முறை: நிலத்தைக் கொடுத்துப் படையை வாங்குவது. 1565 தலைக்கோட்டைத் தோல்விக்குப் பிறகு மதுரையும் தஞ்சையும் செஞ்சியும் மெல்ல மெல்லத் தங்கள் வழியில் போனதை எப்படி ஒரு சீட்டில் அடக்குவது? தலைநகரம் விழுந்த சுற்றில் எல்லா நாயக்கரும் ஒன்றாகப் பிரிந்தால் அது பொய். மைய அரசின் பெயரைச் சொல்லிக்கொண்டே கப்பத்தைக் குறைக்கும் ஒரு நிலை நடுவில் வேண்டும். கப்பத்தை முழுசாக, பாதியாக, வெறும் பரிசாக என்று மூன்று படியில் இறக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்குத் தேவகோட்டை மச்சான் வருகிறார். நாயக்கர் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம், கணக்கில் கெட்டிக்காரர்.