மீன் வறுவல் வண்டிக்குப் பதிவு எடுத்தோம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நானும் வீட்டுக்காரரும் சாயங்காலம் மீன் வறுவல் வண்டி போடுகிறோம். 2023-ல், உணவு விற்பவர்கள் அரசிடம் எடுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தோம். பக்கத்து வண்டிக்காரர்கள் இன்னமும் "அதெல்லாம் ஓட்டலுக்குத்தானே அக்கா" என்கிறார்கள். நமக்கும் உண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் போன கம்ப்யூட்டர் சென்டரில் 2,500 ரூபாய் கேட்டார்கள். பயந்து திரும்பிவிட்டோம். அவர்கள் போடப் பார்த்தது பெரிய வியாபாரத்துக்கான லைசன்ஸ் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்போது வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும் என்று இருந்தது. நாங்கள் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய். போட்டோவும் ஆதாரும் கொடுத்தோம். 14 இலக்க எண்ணோடு சான்றிதழ் வந்தது. அலைச்சல் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்த ஒருநாள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிதான் என்னை மாற்றியது. எங்கள் சட்டி எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். மூன்று நாள் எண்ணெய். தினமும் மேலே புதுசு ஊற்றிக்கொள்வோம். சூடாக்கி, நீளமான ஒரு கருவியை உள்ளே விட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கவே கூடாதாம். அதைத்தானே பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுத்தோம் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தண்ணீர் விஷயம்தான் கஷ்டம். எங்கள் பக்கம் கிணற்றில் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கை கழுவ அதைச் செலவழிக்க மனசு வராது. காசு வாங்கிய கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு மசாலா தடவுவோம். இப்போது குழாய் வைத்த கேன் ஒன்றும் சோப்பும் கை கழுவ மட்டும். காசை வீட்டுக்காரர் வாங்குகிறார், நான் தொடுவதில்லை. செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதையும் விட்டோம். சூடான துண்டில் எழுத்து அப்படியே ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வாழை இலைதான்.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்று உடம்புக்கு ஆகாத ஒன்று உண்டாகும். எவ்வளவு முறுகலாக வறுத்தாலும் அது போகாது. என் தம்பிக்கு ஒரு தடவை சூரை தின்ற கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து அரிப்பெடுத்தது. 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிட்டோம். அவன் உடம்பைக் குறை சொன்னோமே தவிர, மீன் எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று சூரை மலிவு. வீட்டுக்காரர் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தார். ஐஸ் முழுக்க உருகி, மீன் வெதுவெதுவென்று இருந்தது. வாங்காமல் வந்துவிட்டார். சாயங்காலம் நகரை மீன் மட்டும்தான் வறுத்தோம்.