இணையத்தில் போடும் கவிதைக்குக் கீவேர்ட் (வாசகர் கூகுளில் தட்டித் தேடும் சொல்) தேவையா?

தேவைதான், ஆனால் கவிதைக்கு வெளியே. வரிகளுக்குள் திணித்தால் கவிதை செத்துவிடும்.

‘மழை’ என்று மட்டும் தலைப்பிட்டால் வானிலைச் செய்திகளோடு மோத வேண்டியிருக்கும். கவிதையின் தலைப்பைத் தொடாதீர்கள். எஸ்இஓ டைட்டிலில் (தேடல் முடிவில் காட்டுவதற்காகப் பக்கத்துக்குத் தரும் தலைப்பில்) மட்டும் ‘மழை – பிரிவுக் கவிதை’ என்று உங்கள் பெயரோடு சுருக்கமாக எழுதுங்கள். நீண்டால் கூகுள் வெட்டிவிடும். சொல் தேடக் கட்டணக் கருவி எதற்கு? தேடல் பெட்டியில் ‘பிரிவு கவிதை’ என்று தட்டினால் விரியும் பரிந்துரைகளே போதும்.

இதைவிடப் பெரிய இழப்பு, கவிதையைப் படமாக மட்டும் போடுவது. வாசகர் மனதில் ஒரு வரிதான் தங்கும், அதைத்தான் தேடுவார். படத்துக்குள் இருக்கும் வரியைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. முழுக் கவிதையையும் எழுத்தாகக் கீழே போடுங்கள். பிறகு, உங்கள் பக்கங்கள் தேடலில் எப்படிப் போகின்றன என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தோன்றிய எண்ணிக்கை) ஏறியும் கிளிக் வராத பக்கங்களுக்கு எஸ்இஓ டைட்டிலைத் திருத்துங்கள்.