விலக்கிய ஒரு மாதிரி

“அதை எடுத்துவிடுங்கள், விதை வைத்த உறை எங்கோ மாறிப்போயிருக்கும்” என்று எங்கள் முதுநிலை ஆய்வாளர் சொன்னார். “சரி சார்” என்றேன். அந்தப் பதிலைத்தான் இன்றும் மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது.

தர்ப்பூசணி மாதிரிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, எது எதற்கு நெருக்கம் என்று காட்ட நாங்கள் வரைந்த உறவு மரத்தில் இனிப்புத் தர்ப்பூசணிகள் எதிர்பார்த்தபடியே நெருங்கி நின்றன. சாகுபடி வகைகளுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு. விதைக்காக வளர்க்கப்படும் மேற்கு ஆப்பிரிக்க எகுசி அவற்றை அடுத்தும், தென் ஆப்பிரிக்கப் பகுதியின் சிட்ரான் தர்ப்பூசணி சற்று விலகியும், கசப்பான காட்டு இனமான பேய்க்குமட்டி அதற்கும் அப்பாலும் அமைந்தன. சாகுபடி வகை என்ற பெயருடன் விதைகளைச் சேமித்துவைக்கும் மரபணு வங்கியிலிருந்து வந்த ஒரே ஒரு மாதிரி மட்டும் இனிப்பு வகைகளுக்கும் சிட்ரானுக்கும் இடையில் நின்றது.

அவர் சொன்னது நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியாது. பெயர் மாறிய மாதிரிகள் எல்லா விதைச் சேமிப்புகளிலும் உண்டு. கேப் டவுன் அருகே 1773-இல் சேகரிக்கப்பட்டு, தர்ப்பூசணியின் அறிவியல் பெயருக்கே ஆதாரமாக வைக்கப்பட்டிருந்த உலர்செடி வேறோர் இனம் என்பதை 2014-இல்தான் டிஎன்ஏ காட்டியது. ஆனால் உறை மட்டும் மாறியிருந்தால் அந்த மாதிரி முழுவதுமாகச் சிட்ரான் கூட்டத்திற்குள் போய் விழுந்திருக்க வேண்டும். நடுவில் நிற்பது கலப்பின் அடையாளம். இது அந்த நொடியிலேயே எனக்குத் தோன்றியது, நான் கேட்கவில்லை.

விதைப் பெருக்கத்தின்போது தேனீ செய்த கலப்பாக இருந்தால் நீக்கியது சரிதான். வாடல் நோய் எதிர்ப்புக்காக யாரேனும் வேண்டுமென்றே செய்ததாக இருந்தால்? ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலைத் தாங்கும் திறனைச் சிட்ரானிடமிருந்து எடுக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. அப்படிப்பட்ட வழித்தோன்றல் ஒன்றை நாங்கள் பிழையென்று கருதி ஒதுக்கியிருக்கலாம். உறையில் மீதி விதைகள் இருந்தன. முளைக்க வைத்து, காயின் சதை சிட்ரானைப் போலக் கெட்டியாக வெளுத்திருக்கிறதா, சிவந்து இனிக்கிறதா என்று பார்க்க ஒரு பருவம் போதும். கால அவகாசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவகாசம் உண்மையிலேயே குறைவுதான். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது, கேட்டால் சினந்துகொள்ளும் மனிதரும் அல்லர் அவர்.

இவ்வளவு நாளும் அவர் முடிவைப் பற்றியே யோசித்துவந்தேன். அண்மையில் எங்கள் ஆய்வுக் கட்டுரையை மீண்டும் படித்தபோது, எத்தனை மாதிரிகளை ஆராய்ந்தோம் என்ற எண்ணிக்கை இருந்தது. ஒன்றை விலக்கினோம் என்ற வரி இல்லை. அந்தப் பகுதியை எழுதியவன் நான்.