வி.ஐ.ஏ. பாசிட்டிவ் சீட்டு கையில் வந்த பிறகு

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு விளக்கு. நர்ஸ் அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். வினிகர் வாசனை வரும், லேசாக எரியும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். இதைத்தான் வி.ஐ.ஏ. என்கிறார்கள். எங்கள் ஏற்காடு முகாமில் அந்த நர்ஸ் அக்கா அவ்வளவு பதமாகப் பார்த்தார், ஒரு குறை சொல்ல முடியாது. பாசிட்டிவ் என்று எழுதி, சேலத்துக்குப் போங்க என்று சீட்டைக் கொடுத்தார்.

என் புலம்பல் முழுக்க அந்தச் சீட்டுக்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை.

சீட்டைப் பார்த்ததும் கேன்சர் என்று முடிவு கட்டி அழ வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000-ல் தொடங்கி இதற்குப் பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். பரிசோதித்த 31,343 பேரில் 3,088 பேருக்கு பாசிட்டிவ், அதாவது பத்தில் ஒருவருக்கு. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய முன்நிலை மாற்றம், புண், வெறும் அழற்சி என்று பலதும் வெள்ளையாகத் தெரியும். ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இதை நான் படித்தது சேலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது. படிக்க நேரம் தாராளமாக இருந்தது.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவி வழியாகப் பெரிதாக்கிப் பார்ப்பது, எல்லா நாளும் கிடையாது. நான் போன இடத்தில் வியாழன் மட்டும். அது முகாம் சீட்டில் இல்லை, வாசல் போர்டிலும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி வராமல் தாண்டி, கோரிமேடு, அஸ்தம்பட்டி நெரிசலில் நின்று, ஓ.பி. கவுண்டருக்குப் போனால், "இன்னைக்கு அது இல்லைங்க, வியாழக்கிழமை வாங்க." அவ்வளவுதான். அடுத்த ஆள்.

வியாழன் போனேன். இப்போது சீட்டில் சீல் இல்லையாம்.

"கையெழுத்து இருக்குதுங்களே சார்?"

"கையெழுத்து யார் வேணா போடலாம். சீல் வேணும். மேல போய் வாங்கிட்டு வாங்கம்மா."

மேலே என்று அவர் சொன்னது மாடி இல்லை, ஏற்காடு. முகாம் நர்ஸுக்குப் போன் போட்டு, அவரைக் கிளார்க்கிடம் பேசச் சொன்னேன். போனை வாங்கவே மாட்டேன் என்றார். சீல் குத்தின சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன் என்றால் அதுவும் செல்லாதாம். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அக்கா என் முழங்கையை இடித்து, "நேரா உள்ள போய் சிஸ்டரைப் பாரு கண்ணு" என்றார். போனேன். கால்போஸ்கோபி அறை ஸ்டாஃப் நர்ஸ் சீட்டை வாங்கி, ஒரு நொடி பார்த்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். சீல்? "இதுக்கு எதுக்கும்மா சீல்? பாசிட்டிவ்னு எழுதியிருக்கே, போதும்." திரும்பி கவுண்டர் பக்கமாக நடந்தபோது அந்தக் கிளார்க்கை நான் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருக்கலாம்.

ஆகவே: கவுண்டரில் மடக்கினால் அங்கேயே மல்லுக்கு நிற்காமல், அந்தப் பிரிவின் சிஸ்டரைத் தேடிப் போங்கள். இன்னொன்று, போகிற நாள் மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது. ரெண்டு நாள் முன்பிருந்தே உறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணை இதற்காகவே திருப்பி அனுப்பினார்கள்.

கால்போஸ்கோபி சுலபம். பயாப்ஸிக்கு, அதாவது சோதனைக்கு அனுப்ப, சதையைச் சின்னதாகக் கிள்ளியெடுத்தார்கள், சுருக்கென்று ஒரு வலி, கொஞ்சம் ரத்தக் கசிவு, பேட் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ரிப்போர்ட்தான் காணாமல் போனது. சொன்ன தேதிக்குப் போய் என் பெயரைச் சொன்னால் லிஸ்டில் இல்லை. பயாப்ஸியைச் சோதிக்கிற பதாலஜி லேபுக்கு வரவே இல்லை என்றார்கள். மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது, கோபத்தில். நடந்தது இதுதான்: ஆதாரில் எனக்கு அப்பா இனிஷியல். பயாப்ஸி பாட்டிலில் லேபிள் எழுதியவர் "வீட்டுக்காரர் பேர் என்ன" என்று கேட்டு, அவர் இனிஷியலைப் போட்டுவிட்டார். என் பெயருள்ள பெண்கள் சேலம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஓ.பி. நம்பரை வைத்துத் தேடச் சொல்லி நான் நகராமல் நின்றதால்தான் கிடைத்தது. கல்யாணமான பெண்களே, எந்தச் சீட்டு, எந்த பாட்டில் ஆனாலும் ஆதாரில் உள்ள இனிஷியலையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கண்ணால் பாருங்கள். ஓ.பி. நம்பரைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 2, அதாவது முன்நிலை மாற்றம். புற்றுநோய் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் ஆகக்கூடியது. டாக்டரம்மா படம் வரைந்து பொறுமையாகச் சொன்னார். உறைய வைத்து அழிக்கும் கிரையோ செய்துவிடலாம், மயக்க ஊசி வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம்.

அந்த நாள் வந்தது. நாங்கள் ஒரு கூட்டம் பெண்கள் காலையிலிருந்து வெறும் பெஞ்சில். பதினோரு மணி வாக்கில் ஒரு சிஸ்டர் வந்து, "சிலிண்டர் வரலைங்க" என்றார். கிரையோவுக்கு கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஸ் ஆக்சைடோ வேண்டும். காஸ் தீர்ந்தால் மெஷின் வெறும் இரும்பு. கல்யாண மண்டபத்தில் சமையலுக்கு காஸ் தீர்ந்தால்கூட அரை மணியில் ஆள் அனுப்புவார்கள். இங்கே அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

கருமந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இனி தை கழிஞ்சுதான் வர முடியும் சாமி. கூலி போகுது, பஸ்ஸுக்கும் காசில்லை." எங்கள் மலையிலும் காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் தை கழிந்து வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் நம்பரை வாங்கியிருந்தால் கூப்பிட்டிருக்கலாம்.

திண்டுக்கல் ஆய்வில் என்னை உறுத்தியது இந்த இடம்தான். அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ்களே பரிசோதனை செய்து, பாசிட்டிவ் என்றால் அதே வருகையில் கால்போஸ்கோபி, பயாப்ஸி, தேவைப்பட்டவர்களுக்கு கிரையோ வரை முடித்தார்கள். அப்படி ஏற்பாடு செய்தும், முன்நிலை மாற்றம் இருந்த 1,874 பேரில் 72 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை நடந்தது. எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தே இந்தக் கணக்கு என்றால், சீலுக்கும் சிலிண்டருக்கும் அலையவிடும் இடத்தில் எத்தனை பேர் கழன்றுபோவார்கள்? முகாமில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று பேனர் வைக்கிறார்கள். எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று ஒரு பேனர் வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரமும் சிலிண்டர் வரவில்லை. இம்முறை நான் எழுந்து போய் டாக்டரம்மாவிடமே கேட்டேன்: தெர்மல் அப்லேஷன் செய்ய முடியாதா? சூடாக்கி அழிக்கும் முறை. காஸ் வேண்டாம், கையில் பிடிக்கிற கருவி, நூறு டிகிரி சூட்டில் ஒரு தடவைக்கு அரை நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஜாம்பியாவில் கிரையோ, தெர்மல், கம்பி வளையத்தால் வெட்டியெடுக்கும் லீப் மூன்றையும் ஒப்பிட்டு 2020-ல் வந்த ஆய்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எங்க படிச்சீங்க?" என்றார். "உங்க பெஞ்சுலதான் மேடம்" என்றேன். சிரித்துவிட்டார். கருவி இருக்கும் வேறு ஒரு இடத்துக்கு அவரே போன் பேசி, கடிதமும் கொடுத்தார். கடிதத்தில் சீல் குத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

அங்கே போனேன், முடிந்தது. தீட்டு வலி மாதிரி கொஞ்சம், அவ்வளவே. பிறகு சில வாரம் தண்ணீராக வெள்ளைப்படும், பயப்பட வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், நிறைய ரத்தம் என்றால் உடனே போக வேண்டும். ஒரு மாதம் உறவு கூடாது. இதை வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன், டாக்டர் சொன்னால் ஒரு மரியாதை.

இப்போது முகாமுக்குப் போகிறவர்களுக்கு: எச்.பி.வி. டெஸ்ட், அதாவது இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், கிடைக்கிற இடம் இருந்தால் அதைக் கேளுங்கள். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனையே முற்றிய புற்றுநோயையும் சாவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதற்கான மாதிரியை நாமே எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், கூச்சத்தில் ஒதுங்குகிற என் நாத்தனார் போன்றவர்களுக்கு நல்லது. அவள் இன்னும் சரி சொல்லவில்லை, விடமாட்டேன்.

எனக்கு ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. சீட்டில் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினால் அது ஞாயிற்றுக்கிழமை. போன் போட்டு வியாழனுக்கு மாற்றச் சொன்னேன். "அதுக்கு நேர்ல வரணும்ங்களே" என்றார் எதிர்முனையில் இருந்தவர். சிஸ்டர் நம்பர் இருக்கிறது, அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.